வீசர் பெயரை எடுத்தாலே ஏன் சண்டை வருகிறது?

ஆறாம்தந்தி கேட்டது:

வணக்கம். கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. நடுவில் தடுமாறாமல் முழுசாக வாசித்த முதல் பாட்டு, அமெரிக்க ராக் பேண்ட் வீசரின் 'ஐலண்ட் இன் த சன்'. ஈ மைனர், ஏ மைனர், டி, ஜி. பெரும்பாலும் இந்த நாலு கார்ட்தான், திரும்பத் திரும்ப. வாசித்து முடித்த ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

அதைப் பதிவு செய்து நான் இருக்கும் கிட்டார் குழுவில் போட்டேன். என் வாசிப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேண்டைப் பற்றிச் சண்டை ஆரம்பித்து நள்ளிரவு தாண்டியும் ஓடியது. எனக்கு எஃப் கார்ட் பிடிக்கப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர், "அந்த பேண்ட் 1996லேயே முடிஞ்சு போச்சு, இதையெல்லாம் வாசிக்காதே" என்று எழுதினார். இன்னொரு அக்கா, அமெரிக்காவில் இவர்கள் அளவுக்கு மெட்டுப் போடத் தெரிந்த ராக் பேண்ட் வேறு இல்லை என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். இருவருமே பல வருடம் வாசித்தவர்கள். இருவர் பேச்சையும் நான் மதிக்கிறேன்.

அதற்கப்புறம் 1994 ஆல்பத்தையும் 2001 ஆல்பத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். பாடுபவர் அதே ரிவர்ஸ் குவோமோ. தயாரித்தவரும் அதே ரிக் ஒகாசெக். தடித்த, கரகரப்பான டிஸ்டார்ஷன் கிட்டார், அதன் மேல் சட்டென்று ஒட்டிக்கொள்கிற மெட்டு, இரண்டிலும் அதேதான். எதற்காக ஒன்றைக் கும்பிடுகிறார்கள், மற்றதைத் திட்டுகிறார்கள் என்று என் காதுக்குப் பிடிபடவில்லை. பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போகலாமே, இவ்வளவு கோபம் எதற்கு? அந்தக் காலத்திலிருந்து கேட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய_டேப் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. முழுசாக ஒரு பாட்டு வாசித்துவிட்டீர்கள். அதற்கு வாழ்த்துகள். குழுவில் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த அண்ணன் நிற்கும் இடத்தில் நானும் பல வருடம் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் வீசரை முதலில் பார்த்தது ஒரு கம்ப்யூட்டரில். மாமா வாங்கிய கம்ப்யூட்டரோடு விண்டோஸ் 95 சிடி வந்தது. அதன் உள்ளே ஒரு ஃபோல்டரில் வீடியோ இருந்தது: 'பட்டி ஹாலி'. ஸ்பைக் ஜோன்ஸ் என்ற இயக்குநர் எடுத்தது, 'ஹேப்பி டேஸ்' என்ற பழைய டிவி தொடரின் ஓட்டல் செட்டுக்குள் இவர்கள் வாசிப்பது மாதிரி. திரையில் தீப்பெட்டி அளவுதான் படம் தெரியும். யார் இவர்கள், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவை போடுவேன். மாமா கம்ப்யூட்டர் கெட்டுப்போகும் என்று விரட்டுவார்.

அந்தச் சத்தம் எப்படி வந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. கிட்டார் வாசிக்கிறவர் என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன். குவோமோ ஹெவி மெட்டல் என்ற முரட்டு ராக் இசை வாசித்து வளர்ந்தவர். 1989இல் தன் மெட்டல் பேண்டோடு லாஸ் ஏஞ்சல்ஸ் போனவர். 1992இல் வீசரைத் தொடங்கினார். முதல் ஆல்பத்தை நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் பதிவு செய்தபோது, கிட்டாரின் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) விட்டு பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்புக்கு மாறச் சொன்னவர் ஒகாசெக். அதனால்தான் அவ்வளவு தடித்த கிட்டாரிலும் ஒரு வெளிச்சம் இருக்கிறது. எல்லாத் தந்தியும் அரை ஸ்வரம் இறக்கி டியூன் செய்தது. பவர் கார்டில் (இரண்டு மூன்று தந்தியில் மட்டும் பிடிக்கும் கார்ட்) ஸ்ட்ரோக் எல்லாம் மேலிருந்து கீழே. இந்தச் சத்தச் சுவருக்கு மேலே இரண்டு மூன்று குரல் சேர்ந்து பாடும் இனிப்பான ஹார்மனி. உங்கள் சண்டைக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது. கிட்டார் 'ராக்' என்கிறது, மெட்டு 'பாப்' என்கிறது. 'பட்டி ஹாலி'யை ஆல்பத்தில் சேர்க்க குவோமோவே தயங்கினார். சேர்க்க வைத்தவரும் ஒகாசெக்தான்.

அது வந்த நேரத்தையும் பாருங்கள். நிர்வாணா பேண்டின் பாடகர் கர்ட் கோபேன் இறந்தது 1994 ஏப்ரல் 5. இந்த ஆல்பம் மே 10. நிர்வாணாவை வெளியிட்ட டிஜிசி என்ற இசை நிறுவனமே இதையும் வெளியிட்டது. வலியில் கத்துவதுதான் உண்மை, இனிமையாகப் பாடினால் வியாபாரம் என்று நிறையப் பேர் நம்பிய காலம். அந்த நேரத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் ஸ்வெட்டர் பிரிவதைப் பற்றிப் பாடிக்கொண்டு வந்தால் சந்தேகம் வராமல் இருக்குமா?

பிறகு 1996, அவர்களின் இரண்டாவது ஆல்பம் 'பிங்கர்டன்'. எனக்கு அது கிடைத்தது இரண்டு வருடம் தாமதமாக, ஹாஸ்டலில், ஒரு சீனியர் பதிவு செய்து வைத்திருந்த டேப்பில். அதில் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும். மீதி எப்படி இருக்கும் என்று நானே மனசுக்குள் பாடி முடித்துக்கொள்வேன். குவோமோவுக்கு ஒரு கால் மற்றதைவிடக் குட்டை. 1995இல் அதை நீட்ட அறுவை சிகிச்சை செய்து, காலைச் சுற்றி இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு, அதே வருடம் ஹார்வர்டில் போய்ச் சேர்ந்தார். ஊரெல்லாம் தெரிந்த பாடகர், அங்கே பேச ஆள் இல்லை. அந்தத் தனிமைதான் பெரும்பாலும் அந்த ஆல்பம். வெளித் தயாரிப்பாளர் கிடையாது, பேண்டே தயாரித்தது. டிரம்ஸ் கிழிகிற மாதிரி அடிக்கும், கிட்டார் ஃபீட்பேக்கின் ஊளை அடங்காது, குரல் சில இடத்தில் ஸ்வரத்தை விட்டு விலகும். எனக்கு அப்போது 19 வயது, வீட்டை விட்டு முதல் தடவை வெளியே வந்திருந்தேன். யாரோ டைரியை என் கையில் கொடுத்து, படித்துவிட்டு வைத்துக்கொள் என்று சொன்ன மாதிரி இருந்தது.

வெளியான வருடம் அது ஓடவில்லை. 'ரோலிங் ஸ்டோன்' இசைப் பத்திரிகையின் வாசகர்கள் அந்த வருடத்தின் மோசமான ஆல்பங்களில் ஒன்றாக அதற்கு வாக்களித்தார்கள். குவோமோ நொறுங்கிப் போனார். அடுத்த ஆல்பத்துக்கு ஐந்து வருடம் ஆனது. அந்த ஐந்து வருடத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் டேப்பைக் கைமாற்றிக் கைமாற்றி அதைக் காப்பாற்றினோம். 2002இல் அதே 'ரோலிங் ஸ்டோன்' வாசகர்கள் எல்லாக் காலத்துச் சிறந்த ஆல்பங்களில் அதற்கு 16ஆம் இடம் கொடுத்தார்கள்.

இப்போது 2001க்கு வாருங்கள். பச்சை அட்டை ஆல்பம், உங்கள் பாட்டு இருப்பது. 10 பாட்டு, 28 நிமிடம். சோலோ வர வேண்டிய இடத்தில் பல பாட்டுகளில் பாடிய மெட்டையே கிட்டாரில் திருப்பி வாசித்திருப்பார். டைரி இல்லை, கால் வலி இல்லை, யார் மேலும் கோபம் இல்லை. அதைக்கூடத் தாங்கியிருப்போம். அதே சமயம் பேட்டியில் 'பிங்கர்டன்' ஒரு கோரமான ஆல்பம், தான் செய்த தவறு என்று அவரே சொன்னார். ஐந்து வருடம் நெஞ்சோடு வைத்திருந்ததை எழுதினவரே தூக்கிப் போட்டார் தம்பி. உங்கள் குழுவில் அந்த அண்ணனுக்கு வந்த கோபம் இதுதான். அந்த நாலு கார்ட் மேல் அவருக்கு ஒரு விரோதமும் இருக்காது.

எனக்கு அது தணிய ரொம்ப வருடம் ஆனது. தணித்தது ஒரு தகவல். 'பிங்கர்டன்' தோற்ற பிறகு, குவோமோ ஒரு பெரிய ஃபைல் வைத்துக்கொண்டு நிர்வாணா, கிரீன் டே, ஒயேசிஸ் பாட்டுகளைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்து குறிப்பு எழுதியிருக்கிறார். எத்தனை வரி, எங்கே பல்லவி, எங்கே மெட்டு ஏறுகிறது என்று. இதைப் படித்ததும் முதல் ஆல்பத்தை எடுத்து மறுபடி கேட்டேன். அதிலும் எல்லாம் அளந்து வைத்ததுதான். 'சே இட் ஏன்ட் ஸோ'வில் அமைதியாகப் போய்ப் பல்லவியில் வெடிக்கிறதே, அந்த இடம் தானாக வந்ததில்லை. கட்டிடம் கட்டுகிற மாதிரி கட்டியது. குடும்பத்தில் குடியைப் பற்றிய உண்மையான பயமும் அதில் இருக்கிறது. நான்தான் பயத்தை மட்டும் கேட்டு, கட்டிடத்தைக் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். 2005இல் வந்த 'பெவர்லி ஹில்ஸ்' எனக்கு இன்றும் ஆகவில்லை. கட்டிடம் மட்டும் நிற்கிறது, உள்ளே ஆள் குடியில்லை. உங்கள் 'ஐலண்ட் இன் த சன்' அப்படி இல்லை. அதில் போக முடியாத ஒரு இடத்துக்கான ஏக்கம் இருக்கிறது. எனக்கு அது கேட்பதற்கே 2010 தாண்டிவிட்டது.

இடையில் ஒன்று, நம் ஆட்களுக்குப் பிடிக்கும். குவோமோ சின்ன வயதில் வளர்ந்தது கனெக்டிகட்டில் பாம்ஃப்ரெட் என்ற ஊரில் இருந்த ஆசிரமத்தில். அதை நிறுவியவர் கோவைப் பக்கத்துச் செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969இல் உட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசினாரே, அவரேதான்.

தன்னனன்னா எழுதியது:

பழைய_டேப் சார் எழுதியது அருமை. ஆனால் 'அளந்து கட்டியது' என்பதை ஏதோ குற்றத்தை மன்னித்துவிட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் நான் ஒத்துப்போகவில்லை.

நான் குறும்படங்களுக்கு மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவன். இசையமைப்பாளர் தத்தகாரம் அனுப்புவார், 'தான தந்தனா' என்று. அதற்குள் அசை பிசகாமல் வார்த்தை உட்கார வேண்டும். நம் சினிமாப் பாட்டில் நீங்கள் அழுத வரிகளில் பெரும்பாலானவை இப்படி எழுதியவைதான். சந்தத்துக்கு எழுதியதால் பொய் என்று நம்மில் யாரும் சொன்னதில்லை.

2016இல் வந்த வெள்ளை அட்டை ஆல்பத்தின் ஒரு பாட்டை எப்படி எழுதினார் என்று குவோமோவே விளக்கியிருக்கிறார். தன் குறிப்பேட்டிலிருந்து சின்னச் சின்ன வரிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை அசை, அழுத்தம் எங்கே விழுகிறது என்று ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வைத்திருக்கிறார். மெட்டுக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துப் போடுவார். இதைக் கேட்டுப் பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. ஏனென்றால் என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. பஸ்ஸில் காதில் விழுந்தது, அம்மா கோபத்தில் சொன்னது, எல்லாம் அதில் கிடக்கும். எந்த மெட்டுக்குப் போகப்போகிறது என்று தெரியாமல் காத்திருக்கும். ஒவ்வொன்றும் நான் வாழ்ந்த வரி.

மொட்டைமாடி எழுதியது:

ஒரு பெண்ணாக நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் 'பிங்கர்டன்' சுத்தமான உண்மை என்றும், அதற்குப் பின் வந்ததெல்லாம் சறுக்கல் என்றும் முடிவு செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள்.

அதில் 'அக்ராஸ் த சீ' என்ற பாட்டைக் கேளுங்கள். ஜப்பானிலிருந்து 18 வயது ரசிகை ஒருத்தி அன்பாக ஒரு கடிதம் எழுதுகிறாள். அதை வைத்து அவர் என்னென்ன கற்பனை செய்கிறார் என்பதுதான் பாட்டு. ஆல்பத்தின் பெயரே ஜப்பானியப் பெண்ணைக் கைவிட்டுப் போகும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் பெயர், புச்சினியின் 'மடாமா பட்டர்ஃபிளை' ஓபராவிலிருந்து எடுத்தது. தன்னை அந்தக் கைவிடுகிறவன் இடத்தில் வைத்துத்தான் அவர் எழுதுகிறார், அந்த நேர்மையை நான் மறுக்கவில்லை. கிட்டார் என்னை ஒவ்வொரு தடவையும் கட்டிப் போடுகிறது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் கேட்கும்போது நான் அவராக இருந்து கேட்பதில்லை. கடிதம் எழுதிய பெண்ணாக இருந்து கேட்கிறேன். டைரி கையில் கிடைத்தது என்று பழைய_டேப் அண்ணா எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கிடைத்தது டைரி. அதற்குள் எழுதப்பட்டிருப்பது என்னைப் போன்ற ஒருத்தி.

அதனால் பச்சை ஆல்பத்தில் 'ஒன்றுமே இல்லை' என்று நீங்கள் வருத்தப்பட்ட அந்த வெறுமை எனக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. 28 நிமிடமும் என்னை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. வண்டி ஓட்டும்போது முழுக் குரலில் கூடப் பாடுவேன்.

ஞாயிறுப்பக்கம் எழுதியது:

விமர்சகர்கள் பக்கம் யாரும் வரவில்லை. ஒரு சின்னப் பத்திரிகையில் ஆறு வருடம் ஆல்பம் விமர்சனம் எழுதியவன் நான். அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

ஆல்பம் கையில் வரும். நாலு நாள், சில சமயம் இரண்டே நாள். அதற்குள் கேட்டு, எழுதி, மதிப்பெண் போட வேண்டும். இரண்டு நாளில் பளிச்சென்று தெரிவது புதுமை மட்டும்தான். இனிமை மெதுவாக வேலை செய்யும். மூன்றாவது மாதம் பாத்திரம் கழுவும்போது வாயில் வரும் மெட்டுக்கு மதிப்பெண் போட அப்போது பத்திரிகையில் இடம் இருக்காது. கிட்டார் பேண்ட் இனிமையாகப் பாடினால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கிட்டாரைத் தோளில் மாட்டினாலே எதையாவது எதிர்த்து நிற்கப் போகிறார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்துவிடுவோம். அதே மெட்டை ஒரு பாப் பாடகி பாடியிருந்தால் நல்ல பாட்டு என்று நாலு வரி எழுதி முடித்திருப்போம். இவர்கள் பாடியதால் துரோகம் என்று எழுதினோம்.

'மேக் பிலீவ்' ஆல்பத்துக்கு 2005இல் பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இசை இதழ் கொடுத்தது 10க்கு 0.4. அதே ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. அதில் உள்ள 'பெவர்லி ஹில்ஸ்' பாட்டு அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதல் 10க்குள் வந்தது. 2010இல் 'பிங்கர்டன்' மறுவெளியீட்டுக்கு அதே பிட்ச்ஃபோர்க் 10க்கு 10 கொடுத்தது. 0.4 எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. மோசமான ஆல்பத்துக்குக்கூட அப்படி மதிப்பெண் விழாது. நம்பி ஏமாந்தவன் போடும் மதிப்பெண் அது. நானும் அந்த மனநிலையில் விமர்சனம் எழுதியிருக்கிறேன். அவற்றில் இரண்டை இன்று திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

ரசிகர்கள் இதற்கும் மேலே போனார்கள். 2010இல் ஒருவர், வீசர் கலைந்துவிட வேண்டும் என்று அவர்களுக்குக் கொடுக்க 1 கோடி டாலர் நிதி திரட்டக் கிளம்பினார். 2018 டிசம்பரில் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில், விருந்துக்கு வந்த இருவர் இதே பேண்டை வைத்துக் கத்திச் சண்டை போடுவது ஒரு முழு நாடகமாகவே வந்தது. ஒருவர் எல்லா ஆல்பமும் பிடித்தவர், மற்றவர் 'பிங்கர்டன்'னோடு நிறுத்தியவர். அதே வருடம் வீசர், டோட்டோ என்ற பழைய பேண்டின் 'ஆஃப்ரிக்கா'வை மறுபடி பாடியதுகூட ஒரு பதின்வயது ரசிகை ட்விட்டரில் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான். பில்போர்டின் ஆல்டர்நேட்டிவ் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. அந்தப் பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பிப்பதற்கு முன்பே நாங்கள் இந்த பேண்டுக்குத் தீர்ப்பு எழுதி முடித்திருந்தோம்.

ஆறாம்தந்தி எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் 'பிங்கர்டன்' முழுசும் கேட்டேன். மொட்டைமாடி அக்கா சொன்னதை முன்பே படித்திருந்ததால் 'அக்ராஸ் த சீ' வந்தபோது நெளிந்துகொண்டுதான் கேட்டேன். நடுவில் கிட்டார் ஏறும் இடத்தில் உடம்பு சிலிர்த்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. கடைசிப் பாட்டு 'பட்டர்ஃபிளை' வந்ததும் சத்தம் எல்லாம் அடங்கி பெரும்பாலும் அக்கூஸ்டிக் கிட்டாரும் குரலும்தான். மூன்று தடவை திருப்பிப் போட்டேன்.

அந்த அண்ணனுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன், "1996 பற்றிச் சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று. இன்னும் பதில் வரவில்லை.

பழைய_டேப் அண்ணா, 'பட்டர்ஃபிளை' வாசிக்கப் பார்த்தேன். கார்ட் சரியாகத்தான் பிடிக்கிறேன், ஆனால் பாட்டோடு சேரவே மாட்டேன் என்கிறது.

பழைய_டேப் எழுதியது:

மொட்டைமாடி, உங்கள் பதிவை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 19 வயதில் எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் பாட்டை இனி பழையபடி கேட்க முடியாது. அப்படியே இருக்கட்டும்.

தம்பி, ஆறு தந்தியையும் அரை ஸ்வரம் இறக்குங்கள். ஈ தந்தி ஈ ஃபிளாட்டுக்கு வர வேண்டும், மற்றதும் அதே அளவு. டியூனர் வைத்துச் செய்யுங்கள், காதை நம்ப வேண்டாம். தந்தி கொஞ்சம் தளர்வாக இருக்கும், அழுத்திப் பிடித்தால் ஸ்வரம் ஏறிவிடும். அதனால் இடது கையை லேசாக வையுங்கள். வாசித்ததைப் பதிவு செய்து இங்கே போடுங்கள். இந்தத் தடவை வாசிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.